கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர்

நிலக்கரிக் கப்பலின் இரண்டாம் இன்ஜினியர்,
பெயர் வில்சன்.
"எங்க எர்ணாவூர்லயே மூணு வில்சன் கீறாங்க"
என்றார் டெல்லிபாபு, ஆட்டோ லீவரை இழுத்துக்கொண்டே.
இவர் பெரு நாட்டு வில்சன்.
இரவு எட்டு வரை கரையிறங்கும் பாஸ்,
கழுத்தில் பைனாகுலர்,
மணிக்கட்டில் உயரம் காட்டும் கடிகாரம்.
துறைமுக கேட்டில் அது மூன்று மீட்டர் என்றது.

ஞாயிற்றுக்கிழமை பறவை காட்டுவது என் வேலை.
தலைக்கு முந்நூறு, டீ என் செலவு.
வருகிறவர்கள் பூநாரை கேட்பார்கள்.
இவர் மலை கேட்டார்.

விடுப்பில் ஊருக்குப் போனால் இவரும் வழிகாட்டிதானாம்.
வேனில் எட்டுப் பேரை ஏற்றி
அடிவாரத்து வெயிலில் கிளம்பினால்
மேகம் வந்து கிளையில் உட்காரும் காடு,
அதற்கும் மேலே மரமே இல்லாத புல்,
பிறகு பனி.
ஆயிரம் அடிக்கு ஒரு பறவை இறங்கிக்கொள்ளும்,
ஒன்று ஏறிக்கொள்ளும்,
எண்ணூர் பஸ் மாதிரி என்று
நான் புரிந்துகொண்டேன்.
நாலாயிரம் மீட்டரில்
ஒருவராவது கட்டாயம் வாந்தி எடுப்பார்.

மலைதானே, வாங்க.

முதல் மலை சாம்பல்.
அனல்மின் நிலையத்துக் குட்டையின் கரைமேல் ஏறினோம்.
ஒன்பது மீட்டர்.
ஆள்காட்டி எங்களை ஊருக்கே சொன்னது.
அதன் முட்டைகள் நான்கு,
கூழாங்கல் போலவே இருந்தன
ஒரு கூழாங்கல்லும் இல்லாத இடத்தில்.
வில்சன் தொப்பியைக் கழற்றிவிட்டுப்
பின்னாலேயே நடந்து இறங்கினார்.

அத்திப்பட்டுப் பக்கம் உப்பு,
இடுப்புயரக் குவியல்கள், மேலே கீற்று.
"நெவாடோ" என்று சிரித்தார்.
பனிமலை என்று அர்த்தமாம்.
அடிவாரத்தில் உப்புக்கொத்திகள்
ஓடி நின்று, ஓடி நின்று,
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் நினைவு வந்தவர்கள் போல.

மணலியில் ஒரு மேம்பாலம். பதினொன்று.
"உச்சி" என்று அறிவித்து
டெல்லிபாபு ஓரம் கட்டினார்.
கீழே சதுப்பு. ஆகாயத்தாமரை மேல் இலைக்கோழி,
ஒவ்வோர் இலையையும் கேட்டுக் கேட்டுக் கால் வைத்தது.
ரிஃபைனரி நெருப்புக்கு மேல்
கரும்பருந்துகள் சூட்டில் ஏறிக்கொண்டிருந்தன.
அவர் ஊர் மலைக்கழுகு
இறக்கை விரித்தால் மூன்று மீட்டர்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.
டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்து நெளிந்து போனது.

உச்சியில் மூச்சு முட்டும் என்றீர்களே?
கந்தக வாடையில் இருமி முடித்துச் சொன்னார்:
முட்டுகிறது.

பொழுது சாய முகத்துவாரம்.
இடுப்புத் தண்ணீரில் கையால் துழாவி
இறால் பிடிக்கிற பெண்கள்
பறியைப் பல்லில் கடித்தபடி எங்களைப் பார்த்தார்கள்.
கடிகாரம்: சுழி.
பிறகு மைனஸ் ஒன்று.
பழுது என்று தட்டினார் வில்சன்.
"இல்ல சார், கரெக்டாத்தான் காட்டுது" என்றார் டெல்லிபாபு.
அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

சாம்பல் குழாய்க்கு அப்பால், அலையாத்தி இருட்டிலிருந்து
ஒரு குரல். ஒரே ஒரு முறை.

வக்கா, என்றேன்.
வாக்கோ, என்றார் அதே மூச்சில்.

திரும்பிப் பார்த்துக்கொண்டோம்,
ஒரே வீட்டு விலாசத்தை
இரண்டு பேர் சொல்லிவிட்டது போல.
அவர் ஊரில், வானத்துக்குப் பக்கத்து ஏரியில்,
கோரைக்குள், குளிரில்,
இதே கருப்புக் குல்லாய், இதே சிவப்புக் கண்.
யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.
அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறது,
கேட்ட இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைய கணக்கு நாற்பத்திரண்டு.
வக்கா அவருக்குப் புதிதில்லை,
ஆனாலும் அடிக்கோடு போட்டார்,
இரண்டு முறை.
கேட் வரைக்கும் டெல்லிபாபு
ஹாரனுக்குப் பதில் வாக்கோ வாக்கோ என்று
மாட்டை விலக்கிக்கொண்டு வந்தார்.

எட்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.
செக்யூரிட்டி பையைத் துழாவி
மடித்த செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்.
உள்ளே ஒரு பிடி உப்பு.

"இன்னாம்மா இது?"

நெவாடோ, என்றேன்.